ஆடித் தள்ளுபடியில் ஒரு ரிசீவர்

ஆடி 1, வியாழன்

மேகலாவை அவள் அப்பா வந்து முசிறிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய் வீட்டில்தான் இருக்க வேண்டும். இங்கே இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடுமாம். திருச்சியில் எந்த மாதம் பிறந்தால் வெயில் இல்லை என்று அம்மாவைக் கேட்டேன். முறைத்தாள்.

மாமனார் பழத்தட்டு, இனிப்பு, எனக்கு வேட்டி சட்டை என்று முறையாகத்தான் வந்தார். சாப்பிட்டார்கள், கிளம்பினார்கள். காரில் ஏறும் முன் மேகலா திரும்பிப் பார்த்தாள் என்று அம்மா சொல்கிறாள். நான் அப்போது டிக்கி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவளைத் திருவானைக்காவலுக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டே ஒன்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து தொண்டையிலேயே நின்ற கேள்வி. முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லாததால் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன்.

"அப்பா கொண்டாந்து விடணுங்கறதுக்காக இல்லாம, நீயாவே இங்க திரும்பி வரணும்னு உனக்குத் தோணுமா மேகலா?"

பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் முடிந்தது. சிந்தாமணி சிக்னலில் நின்றபோது, "பூ வாங்கணும்" என்றாள்.

சரி, அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இனி இதைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

ஆடி 3, சனி

கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். காலையிலிருந்து இருட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் கண்ணிலும் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. என் வேலையே அதுதான்.

மாலையில் தில்லைநகர் பக்கம் போனேன். சிராஜ் பாய் வேலை செய்யும் டிவி ஷோரூமில் ஆடித் தள்ளுபடி. வாசலில் வாழை மரம் கட்டாத குறை. உள்ளே, கடைசி அலமாரியில் அது இருந்தது.

ஏவி ரிசீவர். தெரியாதவர்களுக்கு அது வெறும் கறுப்புப் பெட்டி. படத்தின் சத்தத்தைப் பிரித்து, முன்னால் வரவேண்டியதை முன்னாலும் பின்னால் வரவேண்டியதைப் பின்னாலும் அனுப்புவது அதன் வேலை. என்னிடம் ஐந்து ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. ரிசீவர் மட்டும் இல்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் இரண்டுக்குத்தான் இடம், மற்ற மூன்றும் இதுவரை வாயே திறந்ததில்லை.

"போன வருஷ மாடல்ணே. காட்சிக்கு வெச்சது, டப்பா பிரிச்சது. அதான் பாதிக்கும் கீழ போட்டிருக்கோம்" என்றார் சிராஜ் பாய். "வாரண்டி முழுசா இருக்கு. ஸ்பீக்கர் சத்தத்தை அளந்து டியூன் பண்ற மைக்குதான் காணோம். உங்களுக்கு எதுக்கு மைக்கு, காதாலயே பண்ணிருவீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்படிப்பட்ட விலையில் இன்னொரு முறை கிடைக்காது. ஆனால் அந்த அறையில் இப்போது நான் மட்டும் இல்லையே என்றும் தோன்றுகிறது. இந்த மாதம் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

ஆடி 4, ஞாயிறு

பரணில் இருந்த ஸ்பீக்கர்களை இறக்கித் துடைத்தேன். கல்யாணத்துக்கு முன் கட்டிலுக்கு இடம் வேண்டும் என்று அம்மா பழைய புடவையில் சுற்றி மேலே ஏற்றிவிட்டாள். முன்பக்கத்து இரண்டு மட்டும் அறையிலேயே தப்பின. அவற்றில் ஒன்றின் தலையில் மேகலா ஹேர்பின், பொட்டு அட்டை, ஒரு சீப்பு எல்லாம் வைத்திருக்கிறாள். அதை மட்டும் துடைக்கவில்லை. சீப்பில் ஒரு முடி இருந்தது. இருக்கட்டும்.

"அந்தக் காசுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கலாம்" என்றாள் அம்மா. பிறகு வழக்கமான குறை. "அவ என்னை மதிக்கறதே இல்லடா குணா. அடுப்படிலேர்ந்து கூப்பிட்டா ரெண்டு பக்கமும் பார்க்கறா, என்னைத் தவிர. பெரிய எடத்துப் பொண்ணுங்கற நெனப்பு."

என்னையே மதிக்காதவள் உன்னை எங்கே மதிக்கப் போகிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்ட பிறகு ஒரு மாதிரி இருந்தது.

ஆடி 6, செவ்வாய்

மதியம் அவள் போன். சாப்பிட்டீங்களா என்றாள், சாப்பிட்டேன் என்றேன். ரிசீவர் விஷயம் சொன்னேன். "வாங்குங்களேன், ரொம்ப நாள் ஆசைதானே" என்றாள். உனக்கும் பிடிக்குமா என்று கேட்டேன். "எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதாங்க" என்றாள்.

எனக்கு உயிராக இருப்பது அவளுக்கு ஒன்றுமே இல்லை. நன்றாகச் சொல்லிவிட்டாள்.

ஆடி 9, வெள்ளி

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அவள் இருந்தபோது மட்டும் என்ன, ஓயாமல் பேசினாளா என்று கேட்டால், பேசினாள். அதுதான் புரியவில்லை. கடைத்தெருவில் நடந்து போனால் நிறுத்தவே மாட்டாள். அவள் ஸ்கூல், அவள் சித்தி, ஆற்றில் போன செருப்பு என்று வந்துகொண்டே இருக்கும். எப்போதும் சுற்றிவந்து என் வலது பக்கமாகத்தான் நடப்பாள். வண்டி வருகிற பக்கம் ஏன் வருகிறாய் என்று திட்டினாலும் கேட்பதில்லை. அதே ஆள் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துவிட்டால் வாயில் பூட்டு.

அவள் போன் அடித்தால் ஒரு வேடிக்கை நடக்கும். கட்டில் மேல் அடிக்கும், அவள் கூடத்தில் தேடுவாள், பிறகு அடுப்படியில் தேடுவாள். நான் சிரித்துக்கொண்டே பார்ப்பேன். இன்று என் போனை எங்கோ வைத்துவிட்டேன். அம்மா போனிலிருந்து அடித்தேன், நேராகப் போய் எடுத்தேன். அதில் ஒரு சுவாரசியமும் இல்லை.

ஆனியில் ஒருநாள் அவளை ஷோரூமுக்கு அழைத்துப் போனது நினைவுக்கு வந்தது. சத்தம் கேட்டுப் பார்க்க ஒரு அறை வைத்திருக்கிறார்கள். நடு நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். அறையைச் சுற்றி ஹெலிகாப்டர் பறக்கிற சத்தத்தைப் போட்டார் சிராஜ் பாய். "இப்ப எங்கேருந்து வருது சொல்லுங்க மேடம்" என்றார். "டிவிலேர்ந்துதான்" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவள் முகம் சிவந்தது. அதன்பின் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி 12, திங்கள்

சிராஜ் பாய் போன் செய்தார். யாரோ ஒரு டாக்டர் வந்து அதே ரிசீவரைப் பார்த்துவிட்டுப் போனாராம். "உங்களுக்காகப் பெருக்கு முடியற வரைக்கும் நிறுத்தி வெக்கறேண்ணே. அதுக்கு மேல மேனேஜர் கேப்பாரு."

வாங்கலாம் என்பதற்குக் காரணங்கள்: விலை. ஆசை. மூன்று ஸ்பீக்கர்களின் பாவம். வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம். திரும்பி வர மனமில்லாத ஒருத்தியின் அறையில் கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டால், எனக்கு அதுவே போதும் என்று அவள் நினைத்துக்கொள்ளக்கூடும். எனக்கு அது போதாது. இதை அவளிடம் சொல்லவும் முடியாது.

ஆடி 17, சனி

நாளை பெருக்கு. புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போய், கல்யாண மாலைகளைப் பெண்டாட்டியுடன் சேர்ந்து ஆற்றில் விட வேண்டும். ஆணியில் தொங்கிய மாலைகளை எடுத்துப் பையில் வைத்தேன். சருகாகிவிட்டன. சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன், இரண்டு தரம். அம்மா பார்த்துக்கொண்டே போனாள்.

ஆடி 18, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

முசிறிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மேகலா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் பாலத்தை நினைத்துக்கொண்டு, அளவாகச் சிரித்தேன்.

வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்துப் படைத்தார்கள். அவள் பெரியம்மா, "புருஷனுக்கு இடது கைப் பக்கம் நில்லுடி" என்று அவளை என் இடப்பக்கம் தள்ளிவிட்டார். மாலைகளைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். விட்டதும் சுழன்று ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டே போயின. "பத்திரமாப் போகுது பாரு" என்றேன். அவள் திரும்பவே இல்லை. "கோபமா?" என்றேன். அதற்கும் இல்லை. இவ்வளவு தூரம் நின்றுகொண்டே வந்தவனுக்கு இதுதான் மரியாதை என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

படியேறியதும் அவள் சுற்றிவந்து என் வலது பக்கம் நின்றாள்.

"எந்தப் பக்கம் நின்னா என்ன, நீதான் பதில் சொல்லப் போறதில்லையே" என்றேன்.

"எதுக்குப் பதில்?"

"இப்ப தண்ணில கேட்டதுக்கு. அன்னிக்குப் பாலத்துல கேட்டதுக்கு."

"பாலத்துல என்னைய எதாவது கேட்டீங்களா?"

நடிக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை.

"வண்டில போறப்ப நீங்க பேசறது எனக்கு எப்படிங்க கேக்கும்? நான் உக்கார்றதுல வலது காதுதானே உங்க பக்கம் வருது."

"வந்தா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "எனக்கு வலது காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

ஆறாவது படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்ததாம். கன்னம் வடிந்தது, அந்தக் காது போய்விட்டது. மிஷின் வைத்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிச்சயத்தன்று அவள் அப்பா இதை என் தாய்மாமாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். மாமா, "இதெல்லாம் ஒரு விஷயமா, மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றிருக்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தெரியும் என்றே அவள் வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம இருக்கீங்களே, எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சேன்" என்றாள். "அப்புறம் அந்தக் கடைல நடு நாற்காலில உக்கார வெச்சு, எங்கேருந்து சத்தம் வருதுன்னு கேட்டுச் சிரிச்சீங்க. எனக்கு எந்தச் சத்தமும் எந்தப் பக்கம்னு தெரியாது. தெரிஞ்சுக்கிட்டே சிரிக்கறீங்கன்னு ரெண்டு நாளும் குளிக்கறப்ப அழுதேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவள் பதில் சொல்லாமல் இல்லை, கேட்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்காக உடனே வெட்கப்பட்டேன். பதினைந்து வருடமாக எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பேசிக்கொண்டு திரிகிறவன், வீட்டில் ஒருத்தி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"எனக்குத் தெரியாது மேகலா. சத்தியமா" என்றேன்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாலத்துல என்ன கேட்டீங்க?" என்றாள்.

அதற்குள் மாமியார் காப்பரிசியோடு வந்துவிட்டார். பின்னாலேயே பெரியம்மா, சித்தி, யார் யாரோ. முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டவன் இத்தனை பேர் நடுவில் எங்கே கேட்பது. "அப்புறம் சொல்றேன்" என்றேன். புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் நன்றாக இருந்திருக்கும்.

ஆடி 19, திங்கள்

மாமாவுக்குப் போன் போட்டேன். "ஆமா, சொன்னாரு. ஒரு காதுதானேப்பா, அதான் இன்னொண்ணு இருக்கே. பந்தி போட்டுட்டாங்க, அப்படியே மறந்து போச்சு" என்றார். சண்டை போட வேண்டும் என்றுதான் போன் எடுத்தேன். அவர் தன் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டாள். "நான் அவளை என்னென்னவோ பேசிட்டேனேடா" என்றாள். பிறகு, "அதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்காதுல்ல?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் நின்று பேசினாய் என்பதைப் பொறுத்தது என்றேன்.

ஆடி 20, செவ்வாய்

காலையில் சிராஜ் பாயிடம் ரிசீவர் வேண்டாம், டாக்டருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரிய தியாகம் செய்த களைப்போடு மதியம் வரை வேலை பார்த்தேன். அவள் போன் வந்ததும் சொன்னேன்.

"ஏன் வேணாம்னீங்க?"

"உனக்குக் கேக்காததை வீட்டுல வெச்சு நான் மட்டும் கேக்கணுமா?"

அவள் குரல் அப்படி மாறி நான் கேட்டதில்லை. "நான் இன்னும் அந்த வீட்டுல சரியாக் காலே ஊனலை. அதுக்குள்ள என்னால உங்க ஆசை ஒண்ணு நின்னு போச்சா? நாளைக்கு ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்பீக்கரைப் பார்க்கறப்ப உங்களுக்கு என் காதுதானே ஞாபகம் வரும். எனக்காக ஒண்ணும் விட்டுக்கொடுக்காதீங்க. அது எனக்குப் பாரம்."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. இடது காதில்தான் போன் வைத்திருப்பாள் என்று தோன்றியது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குப் பாலத்துல கேட்டது இதுதான். அப்பா கொண்டாந்து விடணுங்கறதுக்காக இல்லாம, நீயாவே வரணும்னு உனக்குத் தோணுமா?"

அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா கூப்பிடறாங்க, வெச்சிடறேன்" என்றாள்.

இந்த முறை கேட்டிருக்கிறது. கேட்டும் பதில் இல்லை.

ஆடி 21, புதன்

போன் வரவில்லை.

ஆடி 22, வியாழன்

இன்றும் வரவில்லை. வேலை முடிந்து கால் தானாக ஷோரூமுக்குப் போனது. ரிசீவர் அங்கேயே இருந்தது. "டாக்டர் வீட்டம்மா வேணாம்னுட்டாங்களாம்ணே" என்றார் சிராஜ் பாய்.

வாங்கிவிட்டேன். விலைக்காக வாங்கினேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் அவள் சொன்னதற்காகத்தான். அவள் வந்தாலும் வராவிட்டாலும், அவள் மேல் ஒரு பாரம் குறைந்தது. மெத்தை பற்றி அம்மா பேசவில்லை. ஒயர் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆடி 23, வெள்ளி

ஐந்தும் பேசின. மைக் இல்லாததால் டேப் வைத்து அளந்து, காதால் சரி பார்த்து முடித்தேன். ஒரு மழைக் காட்சி போட்டேன். தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் மழை பெய்தது. இத்தனை வருடம் ஆசைப்பட்டது இதற்குத்தான். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு உள்ளங்கையால் வலது காதை அழுத்தி மூடிக்கொண்டு அதே காட்சியைப் போட்டேன். மழை ஒரு பக்கமாகச் சரிந்து வந்து அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் கதவு திறந்தது காட்சியிலா வீட்டிலா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன். அம்மா காபியோடு எதிரில் நின்றாள்.

காதை மூடியபடியே படம் முழுவதும் பார்த்தேன். கை மரத்துவிட்டது. இப்படிக் கேட்கிற ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது. மழை எந்தப் பக்கம் பெய்தால் என்ன. அவள் இல்லாமல் எனக்கு இந்த அறையில் ஒன்றுமே சரியாகக் கேட்கவில்லை.

ஆடி 24, சனி

கடையில் காலையிலிருந்து டோக்கன் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் போனதும் அடுத்தவரை வரச்சொல்லிவிட்டு, தலையைத் தூக்காமல் லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஃப்ரேமை மாட்டப் போன பிறகுதான் முகம் பார்த்தேன்.

மேகலா. நெற்றியில் வியர்வை. பஸ் டிக்கெட்டை இன்னும் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"ஆடியாச்சே" என்றேன்.

"வீட்டுக்குத்தானே வரக்கூடாது? கடைக்கு வரலாம்ல. அத்தை காதுக்குப் போனா நீங்க பாத்துக்கங்க."

"கண்ணுல எதாவது தொந்தரவா?" என்று கேட்டேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் என் வாய் அதைத்தான் கேட்கும்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சுற்றிப் போய் அவளுடைய இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "ரிசீவர் வாங்கிட்டேன்" என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தாள். அம்மா சொல்லியிருப்பாள். அவர்கள் இருவரும் எப்போது பேச ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

"உங்கப்பா வெளில இருக்காரா? உன்னைத் தனியா உள்ள அனுப்பிட்டு உக்கார்ந்திருக்காரா?"

"அப்பாவுக்குத் தெரியாது" என்றாள். "யாரும் கொண்டாந்து விடலை. நானாத்தான் வந்தேன்."